"வெயில்ல போகாதே, கறுத்துடுவே": 2020 ஊரடங்கில் பிள்ளைகள் கேட்டவை

அமெரிக்காவின் மினியாபோலிஸில் அந்த மே மாதம் எங்களுக்கு இரண்டு ஊரடங்கு. கொரோனாவுக்காக வீட்டிலேயே இருக்கச் சொன்ன உத்தரவு 17ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 29ஆம் தேதி இரவு 8 மணிக்கு மேல் யாரும் வெளியே வரக் கூடாது என்று போன் அலறியது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆறு வயது மகன், "திரும்ப வைரஸ் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

வைரஸ் இல்லை. 25ஆம் தேதி ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்ததும் ஊரே கொந்தளித்ததால் வந்த ஊரடங்கு அது. அவர் இறந்த அந்தத் தெருமுனை எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். சாப்பாட்டு மேசையே ஆபீஸ், சோபாவே முதல் வகுப்பு என்று இருந்த வீட்டில் ரகசியம் பேச இடமில்லை. நானும் கணவரும் சமையலறையில் தமிழில் தாழ்ந்த குரலில் பேசியதை அவன் முழுசாகக் கேட்டிருக்கிறான். தூங்கப் போகும்போது ஒரே ஒரு கேள்விதான். "அந்த போலீஸ் அங்கிள் ஏம்மா எந்திரிக்கல?" ஃபிளாய்டின் கழுத்தின் மேல் அந்தப் போலீஸ்காரரின் முழங்கால் இருந்தது 8 நிமிடம் 46 வினாடி என்றுதான் அப்போது சொன்னார்கள். விசாரணையில் அது 9 நிமிடம் 29 வினாடி ஆனது. என்ன பதில் சொல்வது? "தப்பு பண்ணிட்டார்" என்றேன். அது பதிலே இல்லை என்று எனக்கும் தெரியும்.

அந்த வீடியோவை எடுத்தவள் 17 வயதுப் பெண். ஒன்பது வயது உறவுக்காரச் சிறுமிக்குத் தின்பண்டம் வாங்கித் தரக் கூட்டி வந்தவள். இதைப் பிள்ளைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் மூன்று நாள் யோசித்தோம். அந்தச் சிறுமி நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் அம்மா. மூன்று வயது மகள் திரையில் வந்ததும், "என்னடி, இப்படிக் கறுத்துப் போயிட்டா பேத்தி? வெயில்ல விடாதே" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். என்னிடமும் சொல்லித்தான் வளர்த்தார். பக்கத்திலிருந்த மகன் போனைப் பிடுங்கி, "பாட்டி, பாப்பா கறுத்துட்டா போலீஸ் பிடிச்சுடுவாங்களா?" என்றான்.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அம்மா, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

ஃபிளாய்டுக்கு நீதி கேட்டு நடந்த ஊர்வலத்துக்கு நாங்கள் போகவில்லை. கோவிட் பயம் என்று வெளியே சொல்லிக்கொண்டோம், உள்ளே விசா பயம். ஆனால் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்த 1965 குடியேற்றச் சட்டம்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது.

*

நான் நியூஜெர்சி அப்பா. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது கிரேயான். அந்த மே மாதம் கிரேயான் செய்யும் கிரயோலா கம்பெனி 24 தோல் நிறங்கள் கொண்ட ஒரு பெட்டியை அறிவித்தது. வெளிர் நிறக் கிரேயான் ஒன்றுக்கு 1962 வரை அவர்கள் வைத்திருந்த பெயரே 'சதை'. யாருடைய சதை என்று யாரும் கேட்கவில்லை போல.

பெட்டி வந்ததும் ஐந்து வயது மகள் ஒவ்வொரு குச்சியாக என் முழங்கையில் வைத்துப் பார்த்தாள். துணிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்ப்பது போல. கடைசியில் எடுத்தது அடர்ந்த பழுப்பு. "அவ்வளவு டார்க்கா நான்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் நினைக்கவில்லை, கலர் அடித்துக்கொண்டே இருந்தாள். மனைவி மட்டும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் இனவெறி பற்றி நாலு வார்த்தை நன்றாகப் பேசியவன் நான்.

*

இங்கே டெக்சாஸ். மதுரையிலிருந்து வந்த மாமியார் விமானம் நின்றுபோனதால் எங்களோடு மாட்டிக்கொண்டார். ஜூன் 25 அன்று, ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலிருந்து 'ஃபேர்' போகப்போகிறது என்று செய்தி. "பேரை மாத்தினா ஆச்சா?" என்று நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. "என்னைப் பொண்ணு பார்க்க வந்த மூணு பேர் காபி குடிச்சுட்டு, நிறம் கம்மின்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த டம்ளரைக் கழுவி வச்சதும் நான்தான்" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் பேத்தியைச் சைக்கிள் ஓட்ட அவரே தெருவுக்குக் கூட்டிப் போனார். தொப்பி மட்டும் கட்டாயமாம்.