டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு புரோகால்சிடோனின் கூடினா கிருமிதானா? பட்டவங்க சொல்லுங்க

நீடாமங்கலம்:
அப்பாவுக்கு 3 வருஷமா செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். தை அறுப்பு நேரம், லேசா இருமல். பக்கத்து டவுன்ல காட்டினோம். புரோகால்சிடோனின் (கிருமித் தொற்று இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) 1.1. "0.5-ஐத் தாண்டினாலே ரத்தத்துல கிருமி"ன்னு அட்மிட் பண்ணி ஊசி ஆரம்பிச்சாங்க. காய்ச்சல் இல்ல, பிரஷரும் இறங்கல. 4 நாள் கழிச்சு 1.0. மருந்து கேக்கலைன்னு இன்னும் பெரிய ஊசி. அப்பா கட்டில்ல உக்காந்து, ட்ரிப்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அறுப்பு மிஷின் நம்ம வயல்ல எறங்கிடுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தஞ்சாவூர்ல கிட்னி டாக்டர் ஒண்ணுதான் கேட்டார்: "நல்லா இருந்தப்ப இது எவ்வளவு?" யாரும் எடுத்ததே இல்ல. ஊசியை நிறுத்தி, ஒரு மாசம் கழிச்சு, இருமல்கூட இல்லாதப்ப எடுத்தோம். 0.9! அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருக்கக்கூடாதா?

மயிலாடுதுறை:
தங்கச்சி, இதைப் படிச்சிட்டு யாரும் அசால்ட்டா இருந்துடக்கூடாது. எங்க மாமியாருக்குக் கழுத்துல டயாலிசிஸ் டியூப். நம்பர் கூடினப்ப "டயாலிசிஸ்காரங்களுக்கு அப்படித்தான்"னு விட்டாங்க. மிஷின்ல போட்ட அரை மணில குளிர் நடுக்கம், கட்டிலே ஆடும். வீட்டுக்கு வந்தா நின்னுடும். மூணாவது தடவைதான் பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) எடுத்தாங்க. நம்பர் 14. டியூப்பை எடுத்தப்புறம்தான் பொழைச்சாங்க.

கும்பகோணம், லேப்:
அக்கா, 14 வேற, 1.1 வேற. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. நல்ல கிட்னி இருக்கவங்களுக்கு 0.1-கூட இருக்காது. கிட்னி போனவங்களுக்குக் கிருமி இல்லாமலே 0.5, 1, சிலருக்கு 1.5 வரைக்கும் நிக்கும். சிஆர்பியும் (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற இன்னொரு ரத்த டெஸ்ட்) அப்படித்தான், சும்மாவே கூட இருக்கும். இன்னொண்ணு, சாதாரணமா ஒரு நாள்ல பாதியா இறங்கறது இவங்களுக்கு ஒண்ணரை நாள்கிட்ட ஆகும். அதைப் பாத்து மருந்து கேக்கலைன்னு முடிவு பண்ணக்கூடாது. எங்க லேபுக்கு ஒருத்தர் டயாலிசிஸ் முடிஞ்ச கையோட வந்து குடுத்தார், குறைவா வந்துச்சு, நிம்மதியாப் போனார். ஹை ஃப்ளக்ஸ் ஃபில்டர்ல (பெரிய துளை இருக்கற டயாலிசிஸ் ஃபில்டர்) புரோகால்சிடோனின் கொஞ்சம் வடிஞ்சு போயிடும். அதனால எப்பவும் மிஷின்ல போடறதுக்கு முன்னாடியே எடுங்க. நல்லா இருக்கப்ப ஒரு தடவை எடுத்து, டயாலிசிஸ் நோட்டுலயே எழுதி வைங்க. அடுத்த தடவை அதுலேர்ந்து எத்தனை மடங்கு ஏறிருக்குன்னு டாக்டர் பாக்கட்டும். நடுக்கமோ காய்ச்சலோ வந்தா, டியூப் வாய் செவந்தாலோ, நம்பருக்குக் காத்திருக்காதீங்க. முதல் ஊசிக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் கேளுங்க.

நீடாமங்கலம்:
சீட்டை எடுத்துப் பாத்தேன். 1.1 எடுத்தது வியாழன், 1.0 திங்கள். அந்த 0.9 செவ்வாய் காலைல, மிஷின்ல போடறதுக்கு முன்னாடி. அப்ப மூணையும் ஒப்பிடலாம்தானே அண்ணே?