தேர்தல் நேரத்து ரெய்டு: வரி வசூலா, மிரட்டலா?

காட்பாடிக்காரன்:
தேர்தல் தேதி அறிவிச்சதும் வருமான வரித்துறைக்கு எதிர்க்கட்சிக்காரங்க விலாசம் மட்டும் எப்படித்தான் ஞாபகம் வருதோ! 2019-இல் எங்க வேலூர்ல துரைமுருகன் வீட்டுக்கு வந்தாங்க. வாக்குப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஏப்ரல் 16 அன்னைக்கு, தேர்தலே ரத்து. அதே நாள் ராத்திரி தூத்துக்குடியில் கனிமொழி தங்கியிருந்த வீட்டுல சோதனை. ஒரு பைசா சிக்கலை. 2021-இல் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6, ஸ்டாலின் மகள் வீட்டுக்கு நீலாங்கரையில் ஏப்ரல் 2 அன்னைக்கு ரெய்டு. எல்லாமே தற்செயல்னு நம்பச் சொல்றீங்களா?

ராயப்பேட்டை ரவி:
கனிமொழி வீட்டுல ஒண்ணும் கிடைக்கலைன்னு சொன்னதே அதிகாரிகள்தான். ஜோடிக்க நினைக்கிற துறை அப்படியா சொல்லும்? வேலூர் கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே அண்ணே. கட்சிக்காரருக்கு நெருங்கியவங்க இடத்துல 11 கோடியே 48 லட்சம் பிடிபட்டது. கட்டுக்கட்டா, எந்த வார்டுக்கு எவ்வளவுன்னு சீட்டு ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டையும் டெல்லியில் இருந்து வந்து ஒட்டினாங்களா?

அப்போ இங்க ஆளுங்கட்சியா இருந்த அ.தி.மு.க.வைத் தொடலைன்னும் சொல்லாதீங்க. 2016 டிசம்பரில் தலைமைச் செயலாளர் வீட்டுக்கும் கோட்டையில் அவர் அறைக்கும் போனாங்க. 2017 ஏப்ரலில் அமைச்சர் விஜயபாஸ்கர் வீட்டுல 89 கோடிக்குப் பட்டுவாடாக் கணக்கு எடுத்தாங்க. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே நின்னது.

காட்பாடிக்காரன்:
ரெண்டுமே அம்மா போன பிறகு, அ.தி.மு.க. யார் கையில்னு டெல்லி கணக்குப் போட்டுக்கிட்டிருந்த காலம். 2019-இல் கூட்டணி சேர்ந்தாங்க. அப்புறம் அந்த 89 கோடி பத்தி யார் பேசினா?

ஆடிட்டர் சுந்தரம்:
பேசினார்கள். அந்த முன்னாள் அமைச்சரிடம் 200 கோடிக்கு மேல் வரி கேட்டு, வங்கிக் கணக்குகளை முடக்கி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. டி.வி.யில் காட்டவில்லை, அவ்வளவுதான். ரெய்டு நேரலையில் வரும். மதிப்பீட்டு ஆணையும் அப்பீலும் எந்தச் சேனலிலும் வராது.

ராயப்பேட்டை ரவி:
நன்றி சார். இன்னொண்ணு. 2013 மார்ச் 19, தி.மு.க. மன்மோகன் அரசுக்கு ஆதரவை வாபஸ் வாங்கியது. 21-ஆம் தேதி காலையில் ஸ்டாலின் வீட்டு வாசலில் சி.பி.ஐ. வெளிநாட்டுக் கார் இறக்குமதியில் சுங்க வரி ஏய்ப்பாம். ரெண்டே நாள்! இந்த வித்தையை மோடிதான் கண்டுபிடிச்சாரா?

காட்பாடிக்காரன்:
அன்னைக்கு நிதியமைச்சரா இருந்த சிதம்பரமே இது தப்புன்னு வெளிப்படையா சொன்னார். சோதனையும் நின்னது. இன்னைக்கு எந்த மந்திரி அப்படிச் சொல்றார்?

ராயப்பேட்டை ரவி:
மந்திரி முகம் சுளிச்சா சோதனை நிக்குமாம், அதுதான் நடுநிலையாம்! மந்திரியால நிறுத்த முடிஞ்சா அனுப்பவும் முடியும்னுதானே அர்த்தம்?

நியூஜெர்சி தமிழன்:
இங்கேயும் இதே சண்டைதான். 2013-இல் ஓர் ஆய்வு அறிக்கையில் அமெரிக்க வரித்துறை மாட்டியது. வரிவிலக்கு கேட்ட அமைப்புகளில் பெயரில் ‘டீ பார்ட்டி’, ‘பேட்ரியட்ஸ்’ என்று வலதுசாரி அடையாளம் இருந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு வருஷக்கணக்கில் இழுத்தார்கள். ஒபாமா காலம். வரிவிலக்குப் பிரிவின் தலைவர் லோயிஸ் லேர்னர் மன்னிப்புக் கேட்டார், துறைத் தலைவர் பதவி போனது. 2017-இல் இன்னொரு அறிக்கை, இடதுசாரிப் பெயர்களையும் அதே மாதிரி சல்லடை போட்டிருக்கிறார்கள் என்றது. குடியரசுக் கட்சிக்காரர்கள் முதல் அறிக்கையை மட்டும் படிப்பார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இரண்டாவதை மட்டும்.

ஆடிட்டர் சுந்தரம்:
நீங்கள் சொன்னதில் முக்கியமானது, படிக்க அங்கே அறிக்கை இருக்கிறது. வரித்துறையைக் கண்காணிக்கவே தனியாக ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது.

இங்கே ரெய்டுக்கு வருகிறவர்கள் வாரன்டைக் காட்டுவார்கள். போனை வாங்கி வைப்பார்கள். இரண்டு சாட்சிகளை உட்கார வைத்துப் பஞ்சநாமா (சோதனைப் பதிவு) எழுதுவார்கள். நகை மதிப்பீட்டாளர் தராசோடு வருவார். கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994 சுற்றறிக்கையே இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக விதி வைத்திருக்கும் சட்டம், ‘என் வீட்டுக்கு ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது. முன்பு வருமான வரித் தீர்ப்பாயத்திலாவது அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்கப் பார்க்கலாம். 2017 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். சோதனைக்கான காரணத்தை யாருக்கும், தீர்ப்பாயத்துக்குக்கூட, சொல்ல வேண்டியதில்லை. அதுவும் 1962-இல் இருந்து முன்தேதியிட்டு! உயர் நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்த்தால்தான் உண்டு.

என் கட்சிக்காரர்கள் எல்லாம் அரிசி மண்டியும் ஜவுளிக்கடையும் வைத்திருப்பவர்கள். (வக்கீல் பாஷையில் ‘கட்சிக்காரர்’, தேர்தல் பாஷையில் இல்லை.) அவர்களுக்கும் இதே சட்டம்தான்.

ராயப்பேட்டை ரவி:
துப்புக் கொடுத்தவன் யாருன்னு வெளியே வந்துட்டா நாளைக்கு எவன் சார் துப்புக் கொடுப்பான்? அதுக்குத்தான் அந்தத் திருத்தம்.

ஆடிட்டர் சுந்தரம்:
துப்புக் கொடுத்தவர் பெயரை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டலாமே.

காட்பாடிக்காரன்:
காங்கிரஸ் கணக்கை முடக்கினது? 2024 பிப்ரவரி, தேர்தலுக்கு ரெண்டு மாசம். மொத்த வரவு 199 கோடி, அதுல ரொக்கம் பதினாலரை லட்சம். அதைக் காட்டி நூறு கோடிக்கு மேல எடுத்துட்டாங்க.

ராயப்பேட்டை ரவி:
கட்சிகளுக்கு வரிவிலக்கு சும்மா வராது. நாளுக்குள்ள ரிட்டர்ன் போடணும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்க நன்கொடை வாங்கக் கூடாது. ரெண்டுலயும் கோட்டை விட்டாங்க. 2021-இலேயே ஆணை வந்தாச்சு. உங்க ஆபீஸ்ல யாரோ தூங்கிட்டாங்கன்னு டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லலையா?

ஆடிட்டர் சுந்தரம்:
சட்டப்படி ரவி சொல்வது சரி. என் கிளையன்ட் ஆணை வந்து மூன்று வருஷம் சும்மா இருந்தால் நானே திட்டுவேன். ஆனால் 2024 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் அரசின் வக்கீல் என்ன சொன்னார்? காங்கிரஸின் சுமார் 3,500 கோடி வரி பாக்கிக்கும் தேர்தல் முடியும் வரை கட்டாய நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்றார். ஏப்ரலில் பொறுக்க முடிந்தவர்களால் பிப்ரவரியில் ஏன் முடியவில்லை?

டீக்கடை பெஞ்ச்:
பா.ஜ.க. பக்கம் போனா கறையெல்லாம் வெளுத்துடும்னு சொல்ற அந்த வாஷிங் மெஷினை மறந்துட்டீங்களே மக்களே. 2021-இல் மகாராஷ்டிரா தலைவர் அஜித் பவார் தரப்பு சொத்து, சுமார் 1,000 கோடின்னு செய்தி, பினாமி சட்டத்துல முடக்கினாங்க. 2023-இல் பா.ஜ.க. அணிக்கு மாறினார். 2024 டிசம்பர்ல மறுபடி துணை முதல்வர். அந்த வாரமே சொத்து விடுவிப்புன்னு செய்தி.

ராயப்பேட்டை ரவி:
விடுவிச்சது தீர்ப்பாயம், வரித்துறை இல்லை. ஆதாரம் போதலைன்னு சொல்லியிருக்காங்க.

டீக்கடை பெஞ்ச்:
அப்போ 2021-இல் எந்த ஆதாரத்தை வச்சு முடக்கினாங்களாம்?

காட்பாடிக்காரன்:
ரவி, இதுக்குப் பதில் சொல்லிட்டு வேலூருக்கு வாங்க.

ராயப்பேட்டை ரவி:
போதிய ஆதாரம் இல்லாம முடக்கியிருந்தா தப்புதான். முடக்கின அதிகாரியைக் கேக்கணும். ஆடிட்டர் சார் சொல்ற மாதிரி துப்புக் கொடுத்தவன் பெயரை மறைச்சுட்டு, ஓட்டு எண்ணி முடிச்ச பிறகாவது ரெய்டுக்கான காரணத்தை வெளியே வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக்கு நாங்க எதிர்க்கட்சி ஆனா எங்களுக்கும் ஆகும்.

ஆனா வேலூருக்கு வரேன். அந்தத் தேர்தல் ஆகஸ்டுல நடந்து உங்க வேட்பாளர் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டுல ஜெயிச்சார். நாலு மாசம் முன்னாடி வார்டு சீட்டோட அந்த நோட்டுக்கட்டு பிடிபடாம இருந்திருந்தா எங்கே போயிருக்கும்? அதுக்கு இந்தத் திரியில ஒருத்தர்கூட பதில் சொல்லலை.

காட்பாடிக்காரன்:
நான் சொல்றேன். வார்டுக்குத்தான் போயிருக்கும், எல்லாக் கட்சிப் பணமும் போற மாதிரி. 2019-இல் பிடிச்ச அந்தக் கேஸுக்கு அமலாக்கத்துறை 2025 ஜனவரியில்தான் காட்பாடிக்கு வந்தது. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல. அந்தப் பணத்து மேல அவ்வளவு அக்கறைன்னா, இத்தனை வருஷம் எங்கே இருந்தாங்க?