"தவறணை": தோட்டப் பேச்சு வழக்கு பற்றி உதவி தேவை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டச் சொற்களைத் தொகுக்கிறோம். மதுக்கடையைக் குறிக்கும் "தவறணை" என்ற பதிவில் உங்கள் கை வேண்டும்.

போர்த்துக்கீச 'தவேர்ணா'விலிருந்து வந்த சொல். சிங்களத்தில் 'தெபேரும' ஆனதும் அதுவே. கடைசி 'ஆ' நம் வாயில் 'ஐ' ஆகிவிட்டது, 'மேசா' மேசையானது போல. 'தவறு' என்ற சொல்லோடு இதற்கு ஒரு தொடர்பும் இல்லை. குடிப்பது தவறு என்பதால் வந்த பெயர் என்று விளக்குவதைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

எழுத்தில் கவனம்: ற வல்லின றகரம், ண டண்ணகரம். 'தவரனை' என்று எழுதினால் தேடலில் அகப்படாது. கைபேசி அதைத் 'தவணை' என்று திருத்தி, "தவணைக்குப் போனார்" என்று வாக்கியத்தையே கெடுத்துவிடும்.

தங்குமிடம் இதில் அடங்காது. குடிக்கும் இடம் மட்டுமே. கள்ளுத் தவறணை, சாராயத் தவறணை என்று முன்னொட்டும் சேரும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தவர்களே, உங்கள் லயத்துப் (தோட்ட வரிசை வீடுகளின்) பெரியவர்கள் தவறணை என்கிறார்களா, சாராயக்கடை என்கிறார்களா, 'பார்' என்கிறார்களா? கித்துள் (கூந்தற்பனை) கள் விற்ற இடத்துக்கும் அதே சொல்தானா? அவர்கள் சொன்ன வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். ஊரும் சொன்னவரின் ஏறத்தாழ வயதும் போதும், பெயர் வேண்டாம்.