முதல் ஓட்டுக்குப் பேர் சேர்க்க நாலு பேர் வேணும்: வியாசர்பாடி, காசிமேடு
வணக்கம். 18 முடிஞ்ச பசங்க பேரை வாக்காளர் பட்டியல்ல சேர்க்கணும். படிவம் நிரப்பத் தெரிஞ்ச நாலு பேர் ஞாயித்துக்கிழமை காலையில வர முடியுமா?

புதுசா சேர்க்க படிவம் 6. வீடு மாறினவங்களுக்கு 8. அவங்க மறுபடியும் 6 போட்டா ரெண்டு இடத்துல பேர் வந்து சிக்கலாயிடும். வயசுக்குப் பத்தாவது மார்க்‌ஷீட் போதும். இழுபறி முகவரியிலதான். வாடகை வீட்டுல ஈபி பில் ஹவுஸ் ஓனர் பேர்ல இருக்கும். அதே முகவரியில ஏற்கெனவே ஓட்டு இருக்கிற அப்பா அல்லது அம்மாவோட ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் வைக்கலாம். பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு விசாரிக்க வரும்போது பூட்டியிருந்தா விண்ணப்பம் அங்கேயே நின்னுடலாம். விடிகாலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்புற வீடுகள்ல இதைக் கவனிக்கணும். செல் நம்பரைத் தெளிவா எழுதுங்க.

இன்னொண்ணு. "எல்லா கட்சியும் ஒண்ணுதான்"னு ஒதுங்குற பசங்களுக்கு வேட்பாளரோட படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் படிச்சுக் காட்ட ஒருத்தர் வேணும். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதுல இருக்கு. மேடைப் பேச்சை வச்சுத் தலைவரை எடை போடுறதைவிட இது நியாயமான வழி. நோட்டா முதலிடம் வந்தாலும் அதுக்கடுத்து அதிக ஓட்டு வாங்கின வேட்பாளர்தான் ஜெயிப்பார்ங்கிறதையும் அவங்களுக்குச் சொல்லியாகணும்.

வர்றவங்க பதில் போடுங்க. லேப்டாப் இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க.