அம்மாவிடம் தினம் சொல்லும் பொய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் பீலிக்கான் கோயிலில் காப்புக் கட்டியபோது, இனி பொய் சொல்வதில்லை என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கடையில்கூடக் காப்பாற்றிவிட்டேன். ‘இந்தக் கைலி சாயம் போகும்க்கா’ என்று சொல்லி ரெண்டு வியாபாரம் போச்சு, பரவாயில்லை.

வீட்டில்தான் சிக்கல். அம்மாவுக்கு 81 வயது, ஞாபக மறதி. விளக்கு வைக்கிற நேரம் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு ‘தம்பி வந்துட்டானா?’ என்பார். தம்பி இறந்து நாலு வருஷம். ஒருமுறை உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் செத்ததுபோல் அழுதார். மறுநாள் மறந்து மறுபடி கேட்டார். இப்போது ‘வேலைக்குப் போயிருக்கான்மா’ என்கிறேன். அவனுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைக்கிறார்.

குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையே என்கிறது 292ஆம் குறள். அடுத்த குறளே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்கிறது. எனக்கு ரெண்டும் நடக்கிறது. (வாய்மை அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில் வேறு வைத்துவிட்டார்!) பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவர் பௌத்தர்களின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில் நாலாவதை, அதாவது பொய் சொல்லாமையைச் சொல்லி, ‘பதிலே சொல்லாதே’ என்றார். செய்து பார்த்தேன். அம்மா ரொம்பப் பயந்துவிட்டார்.

இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் என்ன பதில் சொன்னீர்கள்? டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பொய்யும் ஆகாமல், அவரை அழவும் விடாமல், சாயங்காலம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும்.