மறு: ‘மூவர் நடுவம்’ வேண்டாம், ‘மூநடுவர் முறை’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) நடுவர் சொற்களைத் தமிழாக்கும் நம் பேச்சில், மூன்று நடுவர்கள் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாட்டுக்குப் போன மடலில் ‘மூவர் நடுவம்’ என்று ஒரு சொல் வந்தது, அது எனக்கு ஒத்துவரவில்லை. நடுவம் என்றால் மையம் என்ற பொருள் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, ‘ஆய்வு நடுவம்’ என்றெல்லாம் பெயர்ப்பலகை இருக்கிறது. இந்த மூவரில் ஆங்கிலத்தில் யு-3 எனப்படுபவரை ‘மூன்றாம் நடுவர்’ என்பது இன்னும் சிக்கல். 1992-ல் டர்பனில் டெண்டுல்கருக்கு டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்ததிலிருந்து நம் வாசகருக்கு மூன்றாவது நடுவர் என்றால் அறைக்குள் திரைமுன் உட்கார்ந்திருப்பவர்தான். இவரோ மூன்றாம் தளத்தின் (ஓட்டக்காரர் ஓடித் தொட வேண்டிய நான்கு ‘பேஸ்’களில் மூன்றாவது) கோட்டருகே வெயிலில் நிற்பவர். அதனால் ஹோம் நடுவர் (மட்டையாளர் நிற்கும் தளத்தில் இருப்பவர்), முதல்தள நடுவர், மூன்றாம்தள நடுவர் என்று அவரவர் தொடங்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அப்புறம், ஆட்டத்தின் பெயரையும் ‘மென்பந்து’ ஆக்க வேண்டாம். இலங்கையில் மென்பந்து என்றால் மென்பந்து கிரிக்கெட். 12 அங்குலச் சுற்றளவுள்ள இந்தப் பந்து மென்மையாகவும் இருக்காது.

சொல்லைத் தேர்வதற்கு முன் இந்த மூவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தளத்துக்குத் தளம் 60 அடி, அதாவது கிரிக்கெட் பிட்சைவிட 6 அடி குறைவு, ஆகவே எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். பந்து வீசுபவரின் கையை விட்டுப் போகும்வரை ஓட்டக்காரர் தளத்தை விட்டு நகரக்கூடாது, அதையும் நடுவர்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு நடுவர்கள்தான், தளங்களைப் பார்க்க ஒரே ஆள். பல்கலைக்கழகங்களின் முதல்நிலைப் பிரிவில் மூவர் நிற்பது வழக்கம். இருவரில் பழகியவர் மேலே போக ஆசைப்படும்போது இங்கேதான் திணறுகிறார்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தளங்கள் காலி. பந்து வலப்புறக் கோட்டை ஒட்டித் தாழப் பறக்கிறது. பிடித்தாரா, தரையில் பட்டதா, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க முதல்தள நடுவர் பந்தின் பின்னால் ஓடுகிறார். ஓடியவர் அந்த ஒரு பந்தின் ஆட்டம் முடியும்வரை திரும்பி வரமாட்டார். அந்த நொடியிலேயே மிச்சமுள்ள இருவரும் இருவர் முறைக்கு மாறி நான்கு தளங்களையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், பேசி முடிவெடுக்க நேரமே கிடையாது. மூன்றாம்தள நடுவர் உள்ளே வராமல் நின்றுவிட்டால் இரண்டாம் தளத்தில் ஆளே இல்லை. சில நேரம் ஒரே தளத்துக்கு இரண்டு பேர் ஓடி வந்து, ஒருவர் அவுட் என்றும் இன்னொருவர் அவுட் இல்லை என்றும் கைகாட்டிவிடுவார்கள், அதைவிடக் கேடு வேறில்லை. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கும் இது வராது. பல்கலைக்கழக அணிகள் இலையுதிர்காலத்தில் ஆடும் நட்பு ஆட்டங்கள், பயிற்சி முகாம்கள், மூன்று பேரைப் போடும் வார இறுதித் தொடர்கள், இப்படிக் கிடைக்கும் இடத்திலெல்லாம் நின்றுதான் பழக வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: ஏற்பாட்டுக்கு ‘மூநடுவர் முறை’, மற்றதற்கு ‘இருநடுவர் முறை’. மூன்றிலிருந்து இரண்டுக்கு நொடியில் மாறுவதை இந்த இரண்டு சொல்லையும் வைத்துச் சுலபமாக எழுதலாம். ஆட்களைச் சேர்த்துச் சொல்ல ‘நடுவர் கூட்டு’. நடுவர் குழு என்றால் நடனப் போட்டிக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள், இவர்கள் ஓடுகிறவர்கள். அனுபவம் என்பதற்குப் ‘பழக்கம்’ போதும், “அவருக்கு மூநடுவர் முறையில் பழக்கம் உண்டு” என்றால் யாருக்கும் புரியும்.

நடுவர்கள் இடம் மாறுவதைப் போன மடலில் ‘சுழற்சி’ என்று எழுதியிருந்தார்கள். நம் காதில் அது முறைவைத்து வேலை பார்ப்பதுபோல விழுகிறது, ‘நகர்வு’ என்று வைத்துக்கொள்ளலாமா? பந்தின் பின்னால் போவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. ‘வெளியேறல்’ என்றால் மைதானத்தை விட்டே போய்விட்டதாகிவிடும். ‘பந்துத்தொடர்வு’ வரை யோசித்தேன், நாக்கில் ஒட்டவில்லை. கபடி, கோகோ நடுவர்களோடு பழகியவர்கள் இருந்தால் அங்கே இப்படி ஒரு சொல் புழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.