0.90 கேரட்டா, 1.01 கேரட்டா? மோதிரத்துக்கு எந்த வைரம்?

புதுமோதிரம்:
வணக்கம். திருமணம் முடிவாகியிருக்கிறது, அவளுக்காக ஒற்றைக்கல் வைர மோதிரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் விரலில் கிடக்கப்போகிற மோதிரம். தேடித் தேடி இரண்டு கல்லில் வந்து நிற்கிறேன். இரண்டும் வட்ட பிரில்லியன்ட் (வட்டமாகப் பட்டை தீட்டியது), இரண்டுக்கும் ஜிஐஏ என்ற வைரத் தரச் சோதனைக் கூடத்தின் அறிக்கை இருக்கிறது, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் கல்: 1.01 கேரட், எஃப் கலர், சுத்தம் வி.எஸ்.1, கட் (பட்டை தீட்டிய தரம்) 'குட்'. விட்டம் 6.25 மி.மீ., ஆழம் 65.5%, கிரௌன் (மேல்பகுதி) கோணம் 36, பெவிலியன் (அடிப்பகுதி) கோணம் 42, கர்டில் (கல்லின் இடுப்பு விளிம்பு) தடிமனானது.

இரண்டாவது: 0.90 கேரட், ஹெச் கலர், சுத்தம் எஸ்.ஐ.1, கட் 'எக்ஸலன்ட்'. விட்டம் 6.21, ஆழம் 61.5%, கிரௌன் 34.5, பெவிலியன் 40.8. ஃப்ளோரசன்ஸ் 'மீடியம் புளூ' என்று போட்டிருக்கிறது.

காகிதத்தில் முதல் கல் எல்லாவற்றிலும் மேலே தெரிகிறது, கட் ஒன்றைத் தவிர. என்ன சொல்கிறீர்கள்?

பெரியகல்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் கல். ஒரு கேரட்டைத் தாண்டிய கல், நிறம் இரண்டு படி மேலே, உள்ளே சுத்தம். அதே விலைக்கு இவ்வளவு கிடைக்கும்போது 'எக்ஸலன்ட்' என்ற ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் விடுவதா? விருந்துக்குப் போகிற இடத்தில் யாரும் கோணமானி எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை.

பட்டைக்காரன்:
பெரியகல் அண்ணே, பெயருக்கேற்ற பதில்தான். ஆனால் அந்த இரண்டு விட்டத்தையும் பாருங்கள். 6.25, 6.21. வித்தியாசம் 0.04 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கூடுதலாக இருக்கும் 0.11 கேரட், அதாவது 22 மில்லிகிராம், எங்கே போனது? கல்லின் அடியிலும் இடுப்பிலும். மோதிரத்தில் பதித்துவிட்டால் அந்த எடை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒழுங்காகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்டக்கல் 6.4, 6.5 மி.மீ. வரும். இது தராசில் ஒரு கேரட், விரலில் 0.90.

வேண்டுமென்றே இப்படி வெட்டுவார்கள். ஒரு கேரட்டைத் தொட்டதும் விலை ஒரு படி ஏறும். அந்தப் படியைப் பிடிப்பதற்காகக் கர்டிலைத் தடிமனாக விட்டு, அடிப்பக்கத்தை ஆழமாக வைத்து, 0.90க்கு வர வேண்டிய கல்லை 1.01 ஆக்கிவிடுவார்கள்.

பெரியகல்:
விட்டம் ஒன்றுதான் என்கிறீர்கள், சரி. அப்படியானால் அளவில் இரண்டும் சமம். மிச்சம் இருப்பது நிறமும் சுத்தமும். அதிலும் முதல் கல்தானே ஜெயிக்கிறது?

பட்டைக்காரன்:
ஜெயிக்கவில்லை. நிறம் எப்படித் தரம் பிரிக்கிறார்கள் தெரியுமா? கல்லைக் குப்புறக் கவிழ்த்து, வெள்ளைப் பின்னணியில், ஒப்பிட வைத்திருக்கும் கற்களோடு பக்கவாட்டில் பார்க்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் ஒளி சிதறும் சிதறலில் எஃப்புக்கும் ஹெச்சுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். மஞ்சள் தங்கத்தில் பதித்தால் அதுவும் போய்விடும்.

சுத்தமும் அப்படித்தான். அந்தத் தரம் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வது. எஸ்.ஐ.1 கற்களில் பல வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். எல்லாம் அல்ல, அதனால்தான் அறிக்கையிலுள்ள படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். நட்டநடு டேபிளுக்கு, அதாவது மேலே உள்ள தட்டையான முகப்புக்கு, கீழே கரும்புள்ளி இருந்தால் வேண்டாம். ஓரத்தில் ஒரு சின்னக் கீற்று இருந்தால் பிராங் (கல்லைப் பிடிக்கும் கொக்கி) மறைத்துவிடும். 'காட்டப்படாத மேகங்களை வைத்தே தரம் தரப்பட்டது' என்கிற மாதிரி ஒரு குறிப்பு இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, மேகம் என்றால் பொடிப் புள்ளிக் கூட்டம். படம் சுத்தமாக இருக்கும், கல் முழுக்கப் பனி படர்ந்த மாதிரி இருக்கலாம்.

இப்போது கட். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே போன ஒளி அடிப்பட்டையில் 24.4 பாகைக்கு மேல் சாய்வாக விழுந்தால் முழுசாகத் திரும்பி வரும். அதைவிட நேராக விழுந்தால் பின்வழியாக ஓடிவிடும். மார்சல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்குப் போட்டுச் சொன்ன கிரௌன் கோணம் 34.5, பெவிலியன் 40.75. உங்கள் 0.90 கிட்டத்தட்ட அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. மற்றதில் கிரௌனும் செங்குத்து, பெவிலியனும் ஆழம். ஒன்றை ஒன்று சரிக்கட்டாமல், இரண்டும் ஒரே பக்கம் தவறியிருக்கின்றன. அந்த மாதிரிக் கல்லில் டேபிள் விளிம்புக்கு அடியில் ஒரு மங்கல் வளையம் தெரியும். கல்லை விரல் இடுக்கில் வைத்துப் பாருங்கள், அந்த வளையத்தின் வழியாக உங்கள் தோலின் நிறம் தெரியும்.

ஆய்வகவாசி:
இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் எடுத்தால் இந்தச் சண்டையே இல்லை. எக்ஸலன்ட் கட்டும் வேண்டும், ஒரு கேரட்டுக்கு மேலும் வேண்டும், நிறமும் வேண்டும் என்றால் எல்லாமே இதைவிடக் குறைந்த தொகையில் கிடைக்கும். அதே கரிமம், அதே படிக அமைப்பு, அதே கடினம். கடையில் வெப்பம் வைத்துச் சோதிக்கும் சாதாரணக் கருவி இரண்டையும் வைரம் என்றுதான் சொல்லும்.

பெரியகல்:
வாங்கிய மறுநாள் அதை யார் திருப்பி எடுப்பார்கள்? வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகை விற்க இறங்கியது. 2025இல் மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டது. இயந்திரம் ஓட ஓடக் கல் வந்துகொண்டே இருந்தால் விலை எப்படி நிற்கும்?

ஆய்வகவாசி:
விலை இறங்கியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணிலிருந்து வந்த கல்லை மட்டும் வாங்கிய விலைக்கே திருப்பி எடுக்கிறார்களா? கடை வாசலைத் தாண்டியதும் அதுவும் இறங்கத்தான் செய்கிறது. இவர் கேட்பது கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு மோதிரம். விற்பதற்கா வாங்குகிறார்?

பெரியகல்:
விற்பதற்கு இல்லை. ஆனால் குறைந்த பணம் போட்டவருக்குக் குறைந்த நஷ்டம் என்பது வேறு வாதம், இரண்டும் ஒன்றே என்பது வேறு வாதம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஆய்வகவாசி:
அதை ஒப்புக்கொள்கிறேன். தொகையில் எவ்வளவு இழந்தாலும் தாங்கும் என்பதுதான் என் வாதம். கூடவே, சுரங்கக் கல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. 2003இல் தொடங்கிய கிம்பர்லி நடைமுறை (வைர வணிகத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் ஏற்பாடு) கிளர்ச்சிக் குழுக்கள் போருக்குப் பணம் திரட்ட விற்கும் பட்டை தீட்டாத கல்லைத்தான் தடுக்கிறது. கூலியாள் எப்படி நடத்தப்பட்டார் என்பதெல்லாம் அதில் வராது.

பட்டைக்காரன்:
அந்த இயந்திரம் குடிக்கிற மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கும். அது தனி இழை, அங்கே போனால் புதுமோதிரம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் மோதிரம் வாங்குவார்.

ஆய்வகக் கல் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'சண்டையே இல்லை' என்பது தவறு. அங்கேயும் இதே கட் பிரச்சினை உண்டு, மோசமாகத் தீட்டிய கல் ஏராளம். சி.வி.டி. முறையில் (வாயுவிலிருந்து படலமாக வளர்ப்பது) வளர்ந்தவற்றில் சிலதுக்குப் பழுப்புச் சாயல், ஹெச்.பி.ஹெச்.டி. முறையில் (உயர் அழுத்தத்தில், உயர் வெப்பத்தில் வளர்ப்பது) வளர்ந்த சிலதுக்கு நீலச் சாயல். அதை அறிக்கையில் உள்ள நிற எழுத்து முழுசாகச் சொல்லாது. தவிர, 2025 அக்டோபரிலிருந்து ஜிஐஏ ஆய்வகக் கல்லுக்கு டி முதல் இசட் வரையிலான நிறத் தரம் போடுவதை நிறுத்தி, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று இரண்டே வகையாக்கிவிட்டது. வேறு கூடங்கள் பழையபடி போடுகின்றன. ஆக, காகிதத்தை நம்பாமல் கல்லைப் பார்க்க வேண்டிய அவசியம் அங்கே கூடுதல்.

புதுமோதிரம்:
ஆய்வகக் கல் பற்றி அவளிடமே கேட்டேன். மண்ணிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றாள், காரணம் கேட்டால் 'பிடித்திருக்கிறது' என்கிறாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஃப்ளோரசன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? கடையில் இருந்தவர் அது குறை என்றார். அப்படிப்பட்ட கல்லுக்குச் சந்தையில் விலை குறைவாம்.

பெரியகல்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டாவது கல்லில் அது ஒரு கறை.

பட்டைக்காரன்:
கறை இல்லை. புற ஊதா ஒளி பட்டால் கல் நீலமாக ஒளிரும், அவ்வளவுதான். வைரங்களில் கணிசமானவற்றுக்கு அந்தக் குணம் உண்டு. மிகக் கடுமையான ஒளிர்வுள்ள கற்களில் ஒரு சிறு பங்குதான் பால் கலந்த மாதிரி மங்கித் தெரியும். மீடியத்தில் அதற்குப் பயப்பட வேண்டாம். ஹெச், ஐ, ஜே நிறக் கற்களில் அந்த நீலம் மஞ்சள் சாயலைக் கொஞ்சம் தணித்தும் காட்டும். சந்தையில் இதற்கு விலை குறைக்கிறார்கள் என்றால் வாங்குபவருக்கு லாபம்தானே? வெயிலில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், தெளிவாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியகல்:
சரி, உங்கள் கோணக் கணக்கையெல்லாம் ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் 'எக்ஸலன்ட்' என்பதே ஒரு பெரிய கூடை. அதற்குள் அருமையான கல்லும் இருக்கிறது, எல்லையில் தொற்றிக்கொண்டு நிற்கிற கல்லும் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் கோயில் கட்டுகிறீர்கள்.

எனக்கு விரல் நிறையத் தெரிய வேண்டும். வட்டத்தில் அது இந்தப் பணத்துக்கு முடியாது என்றால் ஓவல் எடுக்கச் சொல்வேன். ஒரு கேரட் ஓவல் ஏறக்குறைய 8 மி.மீ. நீளம், 5.7 அகலம் வரும். மேலிருந்து பார்க்கும் பரப்பு வட்டத்தைவிடக் கூடுதல். விரலும் நீளமாகத் தெரியும்.

பட்டைக்காரன்:
எக்ஸலன்ட் கூடை பெரிது என்பது சரி. அதனால்தான் வார்த்தையை விட்டு எண்களைப் படித்தேன். ஓவலும் நல்ல யோசனைதான், கேலி இல்லை. ஆனால் ஜிஐஏ ஓவலுக்கு ஒட்டுமொத்தக் கட் தரம் போடுவதில்லை, 2006இல் தொடங்கிய அந்தத் தரம் வட்ட பிரில்லியன்டுக்கு மட்டும். ஓவல், மார்கீஸ் (இரு முனையும் கூர்ந்தது), பேரிக்காய் வடிவக் கற்களில் நடுவே குறுக்காக ஒரு இருண்ட பட்டை விழும், 'போ-டை' என்பார்கள். லேசாக இருந்தால் பரவாயில்லை. கல்லை முன்னும் பின்னும் சாய்க்கும்போதும் அது நகராமல் கறுப்பாகவே நின்றால் விட்டுவிடுங்கள். வாங்குபவர் கண்ணைத்தான் முழுக்க நம்ப வேண்டும், அதற்கு இவர் தயாரா?

நிதானி:
நான் நகை பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். இவ்வளவு நேரம் கல்லைப் பற்றியே பேசினீர்கள், மோதிரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தினமும் போடுகிற மோதிரம் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறாரே.

எங்களிடம் வருவது பெரும்பாலும் பிராங் தேய்ந்து கல் ஆடுகிற மோதிரம், இல்லாவிட்டால் கல் விழுந்து வெறும் கூடாக வருகிற மோதிரம். வைரம் கீறாது என்பதை உடையாது என்று புரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிளவுத் தளங்கள் உண்டு. கர்டில் மிக மெல்லியதாக இருந்து ஓரத்தில் ஒரு இடி பட்டால் சில்லு பெயரும். பிரின்சஸ் கட் மாதிரிக் கூர் மூலை உள்ள கல் என்றால் மூலையை மூடுகிற வி வடிவப் பிராங் இல்லாமல் வாங்கவே கூடாது.

இன்னொன்று, வளையம் முழுக்கப் பொடிக்கல் பதித்த மெல்லிய மோதிரத்தைக் காட்டி மயக்குவார்கள். அளவு மாற்ற வேண்டி வந்தால் அதை வெட்டி ஒட்டுவது பெரிய தலைவலி, சிலதில் முடியவே முடியாது. விரல் அளவு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, குளிருக்கு ஒன்று. வெறும் வளையமாக இருந்தால் பின்னால் சரி செய்யலாம்.

வெள்ளைத் தங்கம் எடுத்தால் ரோடியம் பூச்சு தேயும், மறுபடி பூச வேண்டியிருக்கும். பிளாட்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, கீறல் விழுந்து பளபளப்பு மட்டும் குறையும்.

பெரியகல்:
இதில் மட்டும் நானும் நிதானி கட்சி. ஆனால் பிராங் நான்கு போதும். ஆறு வைத்தால் ஏற்கெனவே சின்னக் கல் இன்னும் சின்னதாகத் தெரியும்.

நிதானி:
நான்கில் ஒன்று வளைந்தால் கல் போய்விடும். ஆறில் ஒன்று வளைந்தால் மற்ற ஐந்தும் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குள் கவனித்துவிடலாம். கையால் வேலை செய்கிற பெண் என்றால் நான் ஆறுதான் சொல்வேன், அல்லது கல்லைச் சுற்றி முழுக்க விளிம்பு கட்டிய பெசல். அழகு குறையும் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

புதுமோதிரம்:
அவள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள், நாள் முழுக்கக் கையுறை போட்டுக் கழற்றுவாள். உயரமான மோதிரம் மாட்டிக் கிழிக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இன்று இரண்டு கல்லையும் திரும்பப் போய்ப் பார்த்தேன். கடை விளக்கின் கீழே இரண்டும் ஒரே மாதிரி மின்னின. சன்னல் பக்கம் எடுத்துப் போய் வைத்ததும் 1.01 நடுவில் ஒரு வளையமாகக் கொஞ்சம் செத்துப்போய்த் தெரிந்தது. பட்டைக்காரன் சொன்னதைப் படித்ததால் அப்படித் தெரிகிறதோ என்று கூட வந்த தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தேன். அவனும் 0.90ஐத்தான் நீட்டினான். அதன் கீற்று ஓரத்தில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலிலும் மங்கவில்லை.

பெரியகல்:
தம்பிக்கு ஒரு ஓவலையும் காட்டியிருக்கலாம். காட்டினால் எதை நீட்டியிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பட்டைக்காரன்:
வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கர்டிலில் லேசரால் பொறித்த எண் இருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இருந்தால் அது அறிக்கை எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், அறிக்கை எண்ணை ஜிஐஏ தளத்திலும் போட்டுப் பாருங்கள். மோதிரத்தில் பதித்து வந்த பிறகும் இன்னொரு முறை அதே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பிராங் மறைக்காத இடத்தில் எண் வருமாறு பதிக்கச் சொன்னால் செய்வார்கள்.

நிதானி:
பெசல் என்றால் அந்த எண் உள்ளே போய்விடும், அதனால் பதிக்கும் முன்பே பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உயரம் தாழ்வாக வைத்து ஆறு பிராங் போட்டாலும் கையுறைக்கு ஒத்துவரும், பிராங் நுனியை உருட்டி மழுக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ், அது போதும். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும், அடியில் ஒட்டினால் எந்தக் கட்டும் மங்கித்தான் போகும். கழுவும்போதெல்லாம் மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கல் ஆடினால் மெல்லிய கிலுகிலுப்புச் சத்தம் கேட்கும். கேட்டால் அன்றே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.